எக்ஸ்ரே அறை வாசலில் நாலு விரல்

ஜனவரி 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பையும் அங்கத்திய குளிரையும் பற்றி எழுது. போனில் கேட்கலாம்தான், ஆனால் மணி அடித்ததும் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கு மிஞ்சுவது ‘வெச்சிடறேம்ப்பா’ மட்டும்.

நீ சொன்னபடி ஆஸ்பத்திரித் தரையைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டேன். தொடங்கின அன்றே மானம் போயிற்று. புறநோயாளிக் கூடத்தில் பழுப்புக் காகிதத்தை விரித்து, குப்புறப் படுத்து, நிறத்துக்கு நிறம் பிரிக்கும் பித்தளைப் பட்டை ஓரமாகப் பென்சில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் முழங்கால் வரவில்லை. புது நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். “அசையாதீங்க ஐயா, பேசாதீங்க!” பேசினால்தானே நான் யாரென்று சொல்ல முடியும்? சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்டிவிட்டாள். முப்பத்தைந்து வருடம் அந்தக் கட்டிடத்துக்குப் பூசிய கொத்தனார், அதே கட்டிடத்தில் ஈ.சி.ஜி. கம்பிகளோடு கிடந்தேன். இருதயம் நன்றாக இருக்கிறதாம். தரையும் நன்றாக இருக்கிறது.

உன் அம்மா கேட்டுவிட்டு, “தரையப் பாக்கச் சொன்னா தரையில விழுந்து கும்பிட்டிருக்காரு” என்றாள்.

பதினெட்டுத் தாளில் நாலு முடிந்தது. மற்றவை வரும்.

அன்புடன்,
அப்பா

ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். குளிர் காதைக் கடிக்கிறது. குல்லாய் வாங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தத் தரையை வடிவமைத்த ஓவியர் அம்மாவின் படங்கள் ஒன்பது நாட்டுக் கலைக்கூடங்களில் இருக்கின்றன. படம் மட்டுமில்லை. அவர் வடிவமைத்த திரைச்சீலை, நாற்காலித் துணி, விளக்கு, தபால்தலை எல்லாமே. ஆள் கிடையாது, மரம் கிடையாது, வெறும் நிறமும் வளைவும்தான். ஆனால் முன்னால் போய் நின்றால் ஜனங்கள் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். இந்தக் கலைக்கூடத்தில் வேலையில் சேர்ந்த முதல் நாள் நானும் நின்றேன். ‘இது நம்ம ஆஸ்பத்திரித் தரையாச்சே’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அம்மா துடைக்கும்போது நான் ஓடி விளையாடிய தரை.

அவர் கைப்பட எழுதிய பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: ‘மருத்துவமனைத் தரை, தொலைந்துபோனது.’ தொலையவே இல்லை அப்பா. அவர் இருபத்தாறு வயதில் செய்த முதல் பெரிய வேலை, தினமும் ஆயிரம் பேர் மிதிக்க, அங்கேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரி நிர்வாகம் அதை உடைத்துவிட்டுப் புது டைல்ஸ் போடப்போகிறது. எங்கள் கலைக்கூடத்திலிருந்து எழுதினோம். ‘ஓவியர் செய்தபடியே கை படாமல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறோம்’ என்று பெரிய டாக்டர் பதில் போட்டிருக்கிறார். அந்த அறிக்கையை எழுதப்போவது நான். என் பெயரில் போகும் முதல் அறிக்கை. என் வேலை நிரந்தரமாவதும் அதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று: அந்தத் தரை எங்காவது, எப்போதாவது உடைக்கப்பட்டதா? உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பாசத்துடன்,
மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு, இங்கே எல்லாரும் சுகம். குல்லாய் செய்தியை அம்மாவிடம் சேர்ப்பித்தேன். “காதை மூடுமா, இல்ல சும்மா பேருக்கா?” என்று கேட்கச் சொன்னாள்.

தாள்களைச் சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் போட்டு அனுப்பியிருக்கிறேன். குழாய் தண்ணீர்க் குழாய்தான். தபால் அலுவலகத்தில், “உள்ள என்ன?” என்றார்கள். “தரை” என்றேன். மேலும் கீழும் பார்த்தார்கள்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். கடைசித் தாளை முடித்த அன்று, விளக்குப் பிடிக்கிற ஆணியைப் பார்க்க மாடி வராந்தாவுக்குப் போனேன். கைப்பிடி வழியாகக் கீழே பார்த்தேன். பாப்பா, நான் அந்தக் கூடத்தில் எத்தனை தடவை நடந்திருப்பேன்? விரிசல் தேடியிருக்கிறேன், ஈரம் தேடியிருக்கிறேன், ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பார்த்ததில்லை. மேலிருந்து முதல் தடவை பார்த்தேன். நீலம் சிவப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது, மஞ்சள் நகர்ந்து வழி விடுகிறது, நடுவிலே சீட்டு வாங்கின ஜனங்கள் அவரவர் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து அது மெதுவாக எங்கோ அழைத்துப்போகிற மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது. கையில் இருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு மாடி கட்டுகிறார். சுவர் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவார், சொல்லாவிட்டால் சுவர் வருத்தப்படும்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 8

அன்புள்ள அப்பா, சுகம்தானே? தாள்கள் வந்து சேர்ந்தன. மேஜைகளைச் சேர்த்துப் போட்டு விரித்தோம். எங்கள் துறைத் தலைவி அம்மா ஒரு தாளின் ஓரத்தைத் தொட்டு, “உன் அப்பாவின் கை நடுங்கவே இல்லையே” என்றார்.

ஆனால் பதினேழுதான் இருக்கிறது. பதினாலாம் தாள் இல்லை. எக்ஸ்ரே அறை வாசல். குழாயைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். எடுக்கவில்லையா, விட்டுப்போனதா? நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. மாதக் கடைசிக்குள் அறிக்கை போக வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம். குல்லாய் காதை மூடும்.

மகள்

மார்ச் 29

அன்பு மகளுக்கு, நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். உன் அம்மாவுக்குப் பல்வலி. மருத்துவர் ஒரு பல்லைப் பிடுங்கினார். அவள் பேசாமல் இருந்த அந்த ஒருநாளில் வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குப் பயமாகிவிட்டது.

எக்ஸ்ரே அறை வாசலில் எப்போதும் கூட்டம். காலை ஏழு மணிக்கே கால் வைக்க இடமில்லை. அதனால்தான் எடுக்க முடியவில்லை. மழை இரண்டு நாளாக. பக்கத்து வீட்டுச் சுவர் இன்னும் நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

ஏப்ரல் 10

அன்புள்ள அப்பா, அம்மாவுக்குப் பல்வலி தேவலையா?

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அறிக்கை போய்விட்டது. காத்திருக்க முடியவில்லை. ‘எங்கும் கை படாதது’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஒன்பது கலைக்கூடங்களும் ஒத்துக்கொண்டு கையெழுத்திடுகின்றன. அவற்றில் ஒரு கலைக்கூடம் ஓவியரின் பழைய பெட்டிகளைத் தேடி, அந்தத் தரைக்காக அவர் போட்ட சின்ன வரைபடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. உள்ளங்கை அளவுதான். அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ஜூன் மாதம் துறைத் தலைவி அம்மாவே அங்கே வருகிறார். தரைமேல் விரித்துப் பார்ப்பாராம். நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார்.

அப்பா, கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே அறை மூடித்தானே இருக்கும்?

மகள்

ஏப்ரல் 18

மகளுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். சோறு போதவில்லை.

முப்பத்தொரு வருடம் முன்னால், நீ கைக்குழந்தை. எக்ஸ்ரே அறை வாசலுக்குக் கீழே போகும் குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் எக்ஸ்ரே மிஷின் பக்கம் போகிறது, எல்லாரும் கத்துகிறார்கள். நான் சம்மட்டி எடுத்து ஒரு கட்டில் அகலத்துக்கு உடைத்துவிட்டேன். எந்தக் கொத்தனாரும் பூ வேலைத் தரையை உடைக்கும் முன் படியெடுத்துக்கொள்வான். நான் எடுக்கவில்லை. குழாயை அடைத்து, தண்ணீரை வாரி இறைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் அந்த இடத்தில் ஏதோ உருவம் இருந்ததே என்று புத்தி வந்தது. சில்லெல்லாம் சாக்கில் போய்விட்டது.

பித்தளைப் பட்டையை வளைத்து, நிறக்கல் சில்லும் சிமெண்ட்டும் கலந்து, ஊற்றி, கல் போட்டுத் தேய்த்து, ஞாபகத்தை வைத்துப் போட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்போதிருந்த பெரிய டாக்டர் முதுகில் தட்டினார். யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று பதினாலாம் தாளை எடுக்காமல் விட்டேன். படியெடுத்தால் என் வளைவை அந்த ஓவியர் அம்மாவின் வளைவென்று உன்னிடம் விற்ற மாதிரி ஆகும். எடுக்காவிட்டால் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு. நல்ல கணக்கு. அதில் உன் பெயர் போய் மாட்டிக்கொண்டது.

உன் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடு. அப்பா செய்த வேலை என்று சொல்லு.

அப்பா

மே 14

கண்ணுக்கு அம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். பல்லு போனது நல்லதாப் போச்சு. நீ ஒரு மாசமா ஒரு வரி எழுதல, போனும் எடுக்கல. உங்கப்பா தினம் தபால்காரரை மறிச்சு நிக்கிறாரு. தபால்காரரு இப்பல்லாம் வேற தெருவுல சுத்திப் போறாரு, பாவம்.

உங்கப்பா மேல கோவம்னா திட்டிரு. திட்டாம இருந்தா அவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு.

அந்த எக்ஸ்ரே ரூம் வாசலைப் பத்தி எல்லாத்தையும் உனக்கு எழுதிட்டதாச் சொல்றாரு. எழுதியிருந்தா சரி.

தரையில என்னென்ன இருக்குன்னு உங்க ஆபீசுல கேட்டாங்கன்னு சொன்னியே. அந்த ஓவியர் உருவத்துக்கெல்லாம் பேரு வெக்கலையாம், நான் வெச்சிருக்கேன். எழுதிக்க. வாசல்ல முட்டை. மருந்து கொடுக்கிற இடத்துல படகு. அப்புறம் தூங்குற மீனு, அரிவாளு, மாமியா மூக்கு. மொத்தம் நாப்பத்தொண்ணு. நான் நெறத்துக்கு நெறம்தான் துடைப்பேன். மஞ்சளை முடிச்சு செவப்பு, செவப்பை முடிச்சு நீலம். உருவங்களுக்கு நடுவுல போற வெள்ளை கடைசி. ஏன்னா வெள்ளையில வெச்ச துணித் துடைப்பத்தை எடுக்கவே வேணாம். வாசப்படியில ஆரம்பிச்சா அந்தக் கோடி வரைக்கும் வெள்ளையிலயே போயிடலாம். எங்கயும் அறுபடாது. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் போனேன்.

சாப்பிடு. தூங்கு. எழுது.

அம்மா

மே 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம் என்று எழுதினால் பொய். கோபம் இருந்தது அப்பா. நீங்கள் உடைத்ததற்கு இல்லை. தண்ணீர் வந்தால் உடைக்கத்தான் வேண்டும். நான் இரண்டு தடவை கேட்டும் மழையைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு.

துறைத் தலைவி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயணச்சீட்டை எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, “நான் போகத்தான் போகிறேன். தரை சொல்லட்டும்” என்றார். ஒட்டுப்போட்ட இடம் வரைபடத்தோடு பொருந்தாவிட்டால் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். டைல்ஸ்காரர்கள் வந்துவிடுவார்கள். என் வேலை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை அம்மாவுக்கென்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று கலைக்கூடத்துக்குள் போய், பெரிய படத்தின் முன்னால் நின்று, கீழ் மூலையில் இருக்கும் வெள்ளையில் விரலை வைக்காமல் வைத்து, காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். போய்க்கொண்டே இருந்தது, அம்மா. இரண்டு நிறம் இடித்துக்கொள்ளும் என்று நினைத்த இடத்தில் எல்லாம் மயிரிழை வழி விட்டிருக்கிறது. மேல் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அடுத்த படத்துக்கு ஓடினேன். திரைச்சீலைக்கு. நாற்காலித் துணிக்கு. பூதக்கண்ணாடி வைத்துத் தபால்தலைக்கு. ஒன்றில்கூட வெள்ளை அறுபடவில்லை. காவலாளி வந்து, “என்ன தொலைத்தீர்கள்?” என்று கேட்டார்.

அந்த ஓவியரைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒன்றிலும் இது இல்லை. துறைத் தலைவி அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். இருபது வருடம் ஆராய்ந்தவர். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எனக்குப் பயம் இன்னும் அதிகம் அப்பா. நீங்கள் போட்ட இடத்தில் வெள்ளை அறுபட்டிருந்தால், அந்த ஓவியர் வாழ்க்கை முழுக்கச் செய்ததை அவருடைய முதல் வேலையிலேயே அறுத்ததாகிவிடும்.

அதுவரை எனக்கு எழுதாதீர்கள். ஜூனில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

மகள்

ஜூன் 21

என் தங்கத்துக்கு அப்பா எழுதுவது. எல்லாரும் சுகம். முதலில் அதைத் தெரிந்துகொள். இனி வரிசையாக எழுதுகிறேன்.

உன் துறைத் தலைவி அம்மா நம் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தார். ‘நன்றி’. எனக்கும் சொன்னார், வாட்ச்மேனுக்கும் சொன்னார், தானாகத் திறந்த கதவுக்கும் சொன்னார். மற்றதையெல்லாம் பெரிய டாக்டர்தான் மொழிபெயர்த்தார். டைல்ஸ் போடத் துடிப்பவர் வாயாலேயே தரையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கூடத்தில் நடந்தார். எக்ஸ்ரே அறை வாசலுக்கு வந்ததும் நின்றார். இரண்டடி பின்னால் போனார், திரும்ப வந்தார், பாதத்தால் தடவினார். “இங்கிருந்து வேறு கை” என்றார். பாப்பா, எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் எங்கே என்று காட்டவில்லை. கடல் தாண்டி வந்த ஒரு பாதம் என் வேலையை எடுத்துச் சொல்லிற்று.

பெரிய டாக்டருக்கு ஏக மகிழ்ச்சி. “அப்ப இது அசல் இல்லையே! ஒட்டுப்போட்டதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

அந்த அம்மா கண்ணாடித் தாளை விரித்தார். தரை அளவுக்கே பெரிதாக்கிய வரைபடம், பாகம் பாகமாக. முட்டை மேல் முட்டை உட்கார்ந்தது. படகு மேல் படகு. மூலைக்கொருவர் பிடித்து ஒவ்வொரு பாகமாக விரித்துக்கொண்டே வந்தோம். என் கை ஈரமாகி, தாள் வழுக்கிற்று. எக்ஸ்ரே அறை வாசல். தூங்குகிற மீனின் வாலும் அரிவாள் முனையும் ஒன்றையொன்று தொட வந்து, தொடாமல் நிற்கும் இடம். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. அந்த அம்மா குனிந்து, நடுவில் இருந்த வெள்ளையில் கையை வைத்தார். சரியாக நாலு விரல். வரைபடத்திலும் நாலு விரல். ஓரத்தில் ஓவியர் பென்சிலால் எழுதியிருந்ததைப் பெரிய டாக்டர் படித்தார்: ‘வெள்ளை எங்கும் நிற்கக் கூடாது. உள்ளே வந்தவர் வெளியே போகும்வரை கூடவே நடக்க வேண்டும்.’ படித்துவிட்டு அவரே இன்னொரு தடவை படித்தார்.

“வரைபடத்தைப் பார்க்காமல் இதை எப்படிப் போட்டீர்கள்?” என்று அந்த அம்மா கேட்டார். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ‘அனுபவம்’ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் எல்லாரிடமும் சொன்ன வார்த்தை. உனக்கு எழுதிய கடிதத்திலும் ‘ஞாபகத்தை வைத்து’ என்றுதானே எழுதினேன்? யாருடைய ஞாபகம் என்று எழுதவில்லை.

தூணுக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்றிருந்தாள். “இவங்கதான்” என்றேன்.

“என்னவாம்?” என்றாள்.

“எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறாங்க.”

“இதுல தெரிய என்ன இருக்கு? துடைச்சாத் தெரியும்.”

இப்போது வேலை செய்கிற பெண்ணிடமிருந்து துணித் துடைப்பத்தை வாங்கி, நனைத்து, பிழிந்தாள். “காலைத் தூக்குங்க, ஈரத்துல வழுக்கும்” என்று சொல்லிக்கொண்டு வாசற்படியில் வெள்ளையில் வைத்தாள். முட்டையைச் சுற்றினாள், படகைத் தாண்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் நின்றுவிட்டார். மீனுக்கும் அரிவாளுக்கும் நடுவில் துடைப்பத்தை ஒருக்களித்துத் திருப்பி, நுழைத்து, அந்தப் பக்கம் போனாள். எடுக்கவே இல்லை. கூடத்தின் கோடி வரைக்கும் ஈரமாக ஒரே கோடு. அவள் பின்னாலேயே அந்த அம்மா வெறுங்காலோடு நடந்து போனார். கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

கோடிக்குப் போனதும் அந்த அம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நன்றி” என்றார். இந்தத் தடவை அந்த வார்த்தை சரியான இடத்தில் விழுந்தது.

டைல்ஸ் பின்கட்டுக்குப் போகிறது. பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உன் அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டுமாம். உன் பெயர் அப்படியே இருக்குமாம், பக்கத்தில் உன் அம்மா பெயரும் வருமாம். உன் வேலை பற்றியும் அந்த அம்மா சொன்னார். அதை அவரே உனக்குச் சொல்லட்டும். நான் சொன்னால் அந்த மகிழ்ச்சியை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும். வயிறார எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா

மறந்துபோனது: முப்பத்தொரு வருடம் முன்னால் ஒட்டுப்போட்ட அன்றைக்கு நான் பட்டையை வளைத்து, வாலையும் முனையையும் ஒட்டித்தான் வைத்திருந்தேன். கூடத்தின் மறுபக்கம் ஒட்டியிருந்த மாதிரி ஞாபகம். அதுவும் தப்பு. உன் அம்மா வந்து பார்த்து, “இங்க வெள்ளை போகும்” என்றாள். “தரை துடைக்கிறவ எனக்குத் தரை சொல்லித் தர்றியா?” என்றேன். பத்துப் பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். ஈரத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். எல்லாரும் போன பிறகு, கோடு காய்வதற்குள், சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேலேயே வரைந்து பட்டையை மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் துடைக்கும்போது பார்த்திருப்பாள். அவளும் கேட்கவில்லை.

நேற்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “என்ன, ஊமையாயிட்டீங்க?” என்றாள். “முழங்கால்” என்றேன். அவளிடம் சொல்ல வந்து நாக்கில் நின்றதை உனக்குத்தான் எழுத முடிகிறது: அத்தனை பேரையும் உன்னைப் பாத்துச் சிரிக்க வெச்சேனே, அந்தத் தரையில எனக்குத் தெரிஞ்சது சிமெண்ட்டு மட்டும்தான், மத்ததெல்லாம் நீதான்.